வாக்கருக்கு நாலு செருப்பு

ஜூலை 28, திங்கள்

விடியற்காலை மழை, பலத்த காற்று. காரிடார் முழுக்க ஈரம். யாருடைய பூந்தொட்டியோ சரிந்து நம் வாசலில் மண். கூட்டி அள்ளினேன். யாருடையது என்று கேட்கவில்லை.

பழைய நோட்டு நேற்றோடு முடிந்தது. புது நோட்டில் முதல் பக்கத்திலேயே எல்லாவற்றையும் ஒருமுறை குறித்துவிடுவது என் பழக்கம். கப்பல் பட்டறையில் முப்பத்தாறு வருடம் வரைபடம் போட்டவன். தாளின் வலது மூலைக் கட்டத்தில் என்ன பொருள், யாருக்கு, எத்தனையாவது திருத்தம் என்று எழுதாமல் கை நகராது.

பொருள்: மடக்கு வாக்கர்.
யாருக்கு: என் மனைவி கமலா (இனி க.), வயது 74.
திருத்தம்: 7.
தொடக்கம்: சென்ற ஆண்டு செப்டம்பர்.
முடிவு: (காலியாக விடுகிறேன்.)

காரணம். சென்ற ஆண்டு ஜூனில் குளியலறையில் க. விழுந்தாள். இடுப்பெலும்பு. அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஆனால் அறுவை மேசையில் படுத்தபடி ஒரு வேண்டுதல் வைத்துவிட்டாள். எழுந்து நடந்தால் முதலில் அம்மன் கோயில் வாசற்படியைத் தன் காலால் தாண்டுவது, அதற்குப் பிறகுதான் வேறு எந்த வாசலும். ஆஸ்பத்திரி கணக்கில் இல்லை. காரிடார் வீட்டைச் சேர்ந்தது. லிஃப்டுக்கு அப்பால் வெளியூர். இந்த விதிகளும் அவளே போட்டவை.

செப்டம்பரில் ஆஸ்பத்திரி வாக்கரைப் பிடித்து நன்றாக நடந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். செருப்பு விடும் இடத்தில் ஒரு தொண்டூழியர், ஐம்பது வயதுப் பெண், நிறுத்தினார். "அங்கிள், ரோட்டுல ஊனிக்கிட்டு வந்தத அப்படியே உள்ள கொண்டுபோக முடியாதே" என்றார். மேற்கொண்டு ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார். பின்னால் கூட்டம். எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். நிர்வாகத்தில் பெரியவர் யாரையாவது கூட்டிவரப் போகிறார் என்று நினைத்தேன். டாக்சி பிடித்துத் திரும்பிவிட்டோம். க. கேட்டதற்கு, "உள்ளே விட மாட்டாங்களாம்" என்றேன்.

அன்றிலிருந்து க. வெளியே போகவில்லை. அன்றிலிருந்து நான் வரைகிறேன்.

தேவைகள்:
1. ஒற்றைக் கையால் மடங்க வேண்டும் (வலது மணிக்கட்டில் க.வுக்குப் பலமில்லை).
2. இரண்டரைக் கிலோவுக்குள்.
3. சத்தம் கூடாது.
4. ஆஸ்பத்திரிச் சாமான் போல் தெரியக் கூடாது.
5. தெருவில் ஊன்றும் பாகம் கழல வேண்டும். கோயில் வாசலில் மனிதன் செருப்பை விடுவதுபோல் வாக்கரும் விட வேண்டும்.

ஐந்தாவதுதான் என் சொந்த யோசனை. மற்ற நான்கும் கடையில் கிடைக்கும்.

ஜூலை 30, புதன்

வெயில். காலை பத்தரைக்கு ஜாலான் புசார் இரும்புக் கடைகள். அரம் 1, உப்புத்தாள் 2, எஃகு ஸ்பிரிங் 4.

குழாய் வெட்டிக் கொடுக்கும் ஆ செங் கடையில் அரை மணி நேரம். அவருக்கும் வயதாகிவிட்டது. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அங்கிள், ஸ்டில் திஸ் ஒன் ஆ? ஒன் இயர் ஆல்ரெடி லா!"

பதினோரு மாதம் என்று திருத்தினேன். சிரித்தார். "யுவர் வைஃப் வெயிட்டிங் ஆர் நாட்?"

காத்திருக்கிறாள் என்றேன். பிறகு நெடுநேரம் ஸ்பிரிங் பெட்டியையே கிளறிக்கொண்டிருந்தேன். அவர் குத்திக்காட்டவில்லை. குத்தியது.

திரும்பும் வழியில் செருப்புக் கடை. க. போடும் அதே ரகத்தில் இன்னொரு ஜோடி, இரண்டு அளவு பெரிதாக. கடைப்பெண் "உங்களுக்கா அங்கிள்? இது லேடீஸ்" என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன். வாக்கருக்கு என்று எப்படிச் சொல்வது.

மாலை அடிப்பாகத்தை வட்டமாக வெட்டினேன். ஒரு செருப்பிலிருந்து இரண்டு வட்டம். கனம் 22 மி.மீ. இதில்தான் சூட்சுமம். க.வின் செருப்பும் 22, வாக்கரின் செருப்பும் 22. அவள் கழற்றும்போது அதுவும் கழற்றும். கைப்பிடி உயரம் அவளுக்கு மாறவே மாறாது. கடையில் விற்கும் எதிலும் இது கிடையாது. தேடிப் பார்த்துவிட்டேன்.

கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

ஜூலை 31, வியாழன்

மேகமூட்டம். க.வின் காலை நடை: கதவிலிருந்து 19 காலடி. பிறகு நாற்காலி.

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் வந்தார். க.வுக்கு முப்பது வருடத் தோழி. மீன் குழம்பு கொண்டுவந்தார், வழக்கம்போல் உப்பு தூக்கல். உட்கார்ந்தவர் மேசையில் கிடந்த நாலு ரப்பர் வட்டங்களை எடுத்துப் பார்த்தார்.

"என்னண்ணே இது, கேரம் காயா?"

விளக்கினேன். கவனமாகக் கேட்டார். பிறகு, "எங்க பள்ளிவாசல்ல உள்ளுக்குன்னே தனியா ரெண்டு வீல்சேர் வெச்சிருக்காங்க. உங்க கோயில்ல இருக்காதா? ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாமேண்ணே."

"அதெல்லாம் இல்லம்மா."

"கேட்டீங்களா?"

"கேட்டாச்சு."

க. சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் கேட்கவில்லை. அப்படி ஒன்று அங்கே இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம். ஆடி மூன்றாம் வெள்ளி.

கோயில் தொலைபேசி எண்ணைத் தேடித் தாளில் எழுதினேன். கேட்க வேண்டிய வாக்கியத்தையும் எழுதினேன். "வணக்கம், நடக்க முடியாதவர்களுக்கு உள்ளே ஏதாவது வசதி உண்டா?" 'நடக்க முடியாதவர்களுக்கு' என்பதை அடித்துவிட்டு 'நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு' என்று மாற்றினேன்.

பதினொன்றே காலுக்குப் போட்டேன். இரண்டு முறை மணி அடித்தது. வைத்துவிட்டேன்.

'இருக்கிறதே, வாருங்கள்' என்று சொல்லிவிட்டால் பதினோரு மாதத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

தாளைக் கிழித்தேன். ஸ்பிரிங் பொருத்தும் வேலை. நான்கில் மூன்று சரி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மகள் சுமதி வந்தாள். சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை, ஷிஃப்ட் முடித்து நேரே. கண் சிவந்திருந்தது. வந்ததும் மேசையைப் பார்த்தாள்.

"அப்பா, அம்மாவுக்கு வாக்கர் செய்றீங்களா, இல்ல கப்பல் கட்டுறீங்களா?"

க. சிரித்தாள். நானும் சிரிப்பதுபோல் வைத்துக்கொண்டேன்.

"ஆன்லைன்ல பாத்தேன்பா. ஃபோல்டிங் டைப். ரொம்ப லைட். இப்ப ஆர்டர் பண்ணா செவ்வாக்கிழமை வந்துடும்."

"அதுக்குக் கால் கழலாதும்மா."

"எதுக்குக் கழலணும்?"

க. முந்திக்கொண்டு பதில் சொன்னாள். "கோயிலுக்குள்ள விட மாட்டாங்களாம்டி. அப்பா அப்பவே கேட்டுட்டாரு."

சுமதி என்னைப் பார்த்தாள். நான் வெர்னியர் அளவுகோலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துடைத்ததுதான்.

"சரி, எப்ப முடியும்? டேட் சொல்லுங்கப்பா. நான் லீவு போடணும்."

இன்னும் இரண்டு வாரம் என்றேன். எத்தனை முறை சொன்ன வார்த்தை அது. டிசம்பரில் சொன்னேன் (மாதிரி-3, கீல் வளைந்தது). பிப்ரவரியில் சொன்னேன் (மாதிரி-4, கனம் 3.1 கிலோ). மே மாதம் சொன்னேன் (மாதிரி-6, நன்றாகத்தான் இருந்தது, மடக்கும்போது 'டக்' என்றது, அதற்காகப் பிரித்தேன்).

க.தான் நாள் குறித்தாள். "ஆடி கடைசி வெள்ளி. பதினஞ்சாம் தேதி. அதுக்கு மேல நான் எண்ண மாட்டேன்."

ஆகஸ்ட் 6, புதன்

மாதிரி-7 முழுதாகப் பொருத்தியாயிற்று. 2.38 கிலோ. ஒற்றைக் கை மடக்கு: சரி. சத்தம்: 'டிக்'. மெல்லியது, ஆனாலும் 'டிக்'. இடது கீலில் அரை மி.மீ. ஆட்டம் இருக்கிறது என்று தோன்றுகிறது. அளந்தால் இல்லை. தொட்டால் இருக்கிறது.

மாதிரி-8க்குத் தாள் விரித்தேன். க. பார்த்துவிட்டாள்.

"என்னங்க அது?"

"சின்னத் திருத்தம்."

"எட்டாவது வேணாம்."

"கீல் கொஞ்சம்..."

"எட்டாவது வேணாங்க. எனக்குக் காலு இருக்கும்போதே குடுங்க."

தாளைச் சுருட்டி வைத்தேன். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

ஆகஸ்ட் 9, சனி

தேசிய தினம். எதிர் புளோக் முழுக்கக் கொடி. மாலையில் விமானங்கள் தலைக்கு மேல். க. காரிடார் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "எல்லாரும் கீழ போறாங்க" என்றாள். இந்தக் குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு வந்த புதிதில் நாங்களும் கீழே போய்ப் புல்லில் பாய் விரித்து உட்கார்ந்து பார்ப்போம். போகலாமா என்று நான் கேட்கவில்லை. போகமாட்டாள். முதலில் அம்மன்.

நடை: 17.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

செருப்பு ஒத்திகை. வீட்டு வாசற்படியைக் கோயில் வாசலாக வைத்துக்கொண்டோம். க. நின்றாள், தன் செருப்பை விட்டாள். நான் தரையில் உட்கார்ந்து வாக்கரின் நான்கையும் கழற்றினேன். பட்டனை அழுத்தித் திருகினால் வந்துவிடும். முதல் முறை 1 நிமி. 50 வி. மூன்றாம் முறை 55 வி.

நான்கையும் அவள் செருப்புக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். க. பார்த்துக்கொண்டே நின்றாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று.

"ஏங்க, நாலு கால் பிராணிய கட்டிக் குடுத்துட்டு அதுக்குச் செருப்பும் தச்சுட்டீங்க."

"உசரம் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு." கைப்பிடியைத் தடவினாள். அதற்குக் கருப்பு ரப்பர் வைக்கவில்லை, அவளுக்குப் பிடித்த பாக்கு நிறத்தில் தோல் சுற்றியிருக்கிறேன். "நல்லா இருக்குங்க. நெசமாவே நல்லா இருக்கு."

நடை: 14. அதிகம் நின்றதால் இருக்கலாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாளைக்கு:
வாக்கர். உபரி ஸ்பிரிங் 1. ஈரத்துணி 2 (கால்கள் துடைக்க). பிளாஸ்டிக் பை (வாக்கர் செருப்புக்கு). தண்ணீர். க.வின் மாத்திரை. பச்சைப் புடவை (அவள் விருப்பம், போன முறை கட்டியது). சுமதி எட்டரைக்கு வருகிறாள். டாக்சி ஒன்பது.

யாராவது தடுத்தால் சொல்ல வேண்டியது: "இதன் கால்கள் தெருவில் படவில்லை, செருப்பு போட்டிருந்தது, கழற்றிவிட்டோம்." நான்கு முறை சொல்லிப் பார்த்தேன். குரல் போதவில்லை. சுமதியைச் சொல்லச் சொல்லலாம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

வெயில். போனோம். வந்தோம்.

இன்று எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

எழுதிவிடுகிறேன். வரிசையாக.

வீட்டிலிருந்து டாக்சி வரை, ஆஸ்பத்திரிக்குப் போகும் வீல்சேரில் க. வந்தாள். டாக்சி கோயிலுக்குச் சற்றுத் தள்ளி நின்றது. கூட்டம். பூக்கடை வாசலில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். க. இறங்கி ஒற்றைக் கையால் வாக்கரை விரித்தாள். 'டிக்'. யாருக்கும் கேட்டிருக்காது. நடந்தாள். அவளுக்கு இடப்பக்கம் சுமதி, பின்னால் நான். 14 அடி. இரண்டு முறை நின்றாள். எதிரே வந்த ஒரு பெண், தன் தாயாரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தவர், "ஆன்ட்டி, இது அழகா இருக்கே, எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார். க. "வாங்கல. எங்க வீட்டுக்காரர் செஞ்சது" என்றாள்.

அந்த இடத்தோடு நாட்குறிப்பு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செருப்பு விடும் இடம். க. தன் செருப்பை விட்டாள். நான் தரையில் உட்கார்ந்தேன், 77 வயதில் குனிந்தால் எழ முடியாது என்பதால். முதல் செருப்பு, இரண்டாவது, மூன்றாவது. நான்காவது வரவில்லை. வெயிலில் ரப்பர் உப்பியிருக்க வேண்டும். திருகிக்கொண்டிருந்தேன். எதிரே இரண்டு கால்கள் வந்து நின்றன.

"அங்கிள், கீழ உக்காந்து என்ன பண்றீங்க?"

அதே தொண்டூழியர். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியவில்லை.

"செருப்பு கழட்டுறேம்மா."

"யாரோடத?"

"வாக்கரோடத."

மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சொன்னேன். பாதியில் நின்றது. அவர் சிரித்துவிட்டார், கேலியாக இல்லை. "அட, எதுக்கு இவ்ளோ பாடு? உள்ள ரெண்டு வாக்கர் இருக்கு, ஒரு வீல்சேர் இருக்கு. கழுவி, கோயிலுக்குள்ளயே வெச்சிருக்கோம். வெளிய உள்ளத இங்கயே விட்டுட்டு உள்ள உள்ளதப் புடிச்சுக்க வேண்டியதுதான் லா."

சுமதி கேட்டாள். "எப்பலேர்ந்து இருக்கு?"

"நான் தொண்டுக்கு வந்து ஏழு வருசம். அதுக்கு முன்னாடியே இருக்கு."

பிறகு க.வைப் பார்த்தார். புடவையைப் பார்த்தார்.

"ஆன்ட்டி, நீங்க போன வருசம் வந்தீங்கல்ல? இதே பச்சை. 'கொஞ்சம் இருங்க'ன்னு சொல்லிட்டு உள்ள எடுக்கப் போனேன். வந்து பாத்தா ஆளக் காணோம். வாக்கரத் தூக்கிக்கிட்டு ரோடு வரைக்கும் வந்து பாத்தேன். எங்க போயிட்டீங்க?"

நான் நான்காவது செருப்பைப் பிடித்தபடி இருந்தேன். க. என்னைக் குனிந்து பார்க்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு, "எடுத்துட்டு வாங்கம்மா" என்றாள்.

வந்தது. சாம்பல் நிறம். பழசு. கைப்பிடி அவளுக்கு 30 மி.மீ.யாவது கூடுதல் உயரம், தோள் தூக்கிக்கொண்டது. ஊன்றும்போதெல்லாம் 'டக்', 'டக்'. க. என்னுடையதை விட்டுவிட்டு அதைப் பிடித்தாள். சுமதி "அம்மா, அப்பாவோடதே..." என்றாள். "இல்ல, இது போதும்."

வாசற்படியைத் தாண்டினாள். தன் காலால். நான் இருந்த இடத்திலிருந்து எண்ணினேன். படி தாண்டி ஆறு அடி. ஏழாவதுக்குக் காலைத் தூக்கினாள், வைக்கவில்லை. முதுகு ஆடியது. தொண்டூழியர் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு ஓடினார். அம்மனை உட்கார்ந்துதான் பார்த்தாள்.

நான் உள்ளே போகவில்லை. மடக்கிய வாக்கரை மடியில் வைத்துக்கொண்டு செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மாள் மூன்று ஜோடிகளை என் முன் விட்டு, "அங்கிள், கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார். சரி என்றேன். பார்த்துக்கொண்டேன். அவர்கள் திரும்பி வரும்வரை, ஒழுங்காக.

டாக்சியில் சுமதி முன்னால். பாதி வழியில் க. ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அன்னைக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"கொஞ்சம் இருங்கன்னு சொன்னாங்க."

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

கேட்டது. பதினோரு மாதமாக 'ஏதோ சொன்னார்' என்றே எழுதியும் சொல்லியும் வந்திருக்கிறேன். இந்த நோட்டின் முதல் பக்கத்திலும் அப்படித்தான் இருக்கிறது. திருத்தவில்லை. இருக்கட்டும்.

"இருந்திருக்கலாம்ல?" என்றாள்.



ஆகஸ்ட் 17, ஞாயிறு

மழை வரும்போல் இருந்தது, வரவில்லை.

க. காலையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "படிய என் கால்லதான் தாண்டுனேன். வேண்டுதல் தீர்ந்துச்சு." சொன்னது என்னிடம் இல்லை. நூர்ஜஹானிடம், தொலைபேசியில்.

பத்து மணிக்கு அவர் வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வீல்சேரை விரித்து க.வை உட்காரவைத்தார். தேக்கா மார்க்கெட். க. பவுடர் போட்டிருந்தாள். பதினான்கு மாதத்தில் ஆஸ்பத்திரியும் கோயிலும் அல்லாத முதல் வெளியிடம். நான் மாதிரி-7ஐத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன்.

"இதையும் எடுத்துக்கிட்டா, அங்க கொஞ்சம்..."

"வேணாம்."

"நான் வரட்டுமா?"

"வேணாங்க."

லிஃப்ட் வரத் தாமதமாயிற்று. காரிடாரில் அவர்கள் பேசுவது கேட்டது.

"அண்ணன் வரலயா?"

"அவரு வீட்டுல உக்காந்து எழுதிக்கிட்டு இருக்கட்டும்."

"பாவம்டி. உனக்காகத்தானே செஞ்சாரு."

"எனக்காகச் செஞ்சாரு. எனக்காக ஒரு வார்த்த கேக்கல."

லிஃப்ட் வந்துவிட்டது.

கீரை, தேங்காய், மல்லிகை, சுமதியின் மகளுக்கு முறுக்கு என்று மூன்று பையோடு திரும்பினார்கள். க.வின் முகம் வெயிலில் கறுத்திருந்தது. நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

பழைய நோட்டுகளை எடுத்து அடிகளைத் தேடினேன். தினமும் எழுதியிருக்கிறேன், ஒரு நாள் தவறவில்லை.

செப்டம்பர்: லிஃப்ட் வரை 46, திரும்ப 46, மூன்று சுற்று.
டிசம்பர்: 46, திரும்ப 46, ஒரு சுற்று.
மார்ச்: 31, பிறகு நாற்காலி.
ஜூன்: 24.
ஆகஸ்ட்: 14.

கட்டத்தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். முப்பத்தாறு வருடம் கோடு போட்டுச் சம்பளம் வாங்கினவன். ஒரு கோடு கீழே இறங்குவது பதினோரு மாதம் கண்ணில் படவில்லை. ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் காரணம் வேறு எழுதியிருக்கிறேன். மழை. தூக்கமில்லை. சளி. அதிகம் நின்றதால்.

அக்டோபர் பக்கத்தில் சிவப்பு மையில் அடிக்கோடு. வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிசியோ பெண் சொன்னது: "அங்கிள், தசை கரைஞ்சா திரும்பக் கொண்டுவர்றது ரொம்பக் கஷ்டம். எங்கயாவது நடக்க வையுங்க. எங்கயா இருந்தாலும் சரி." அழகாக, இரட்டைக் கோடாகப் போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே மாதிரி-2இன் கீல் படம்.

க.விடம் காட்ட நினைத்தேன். காட்டவில்லை. இன்றும்.

வாக்கரின் நாலு செருப்பும் வாசல் அடுக்கில் க.வின் செருப்புக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. உள்ளே எடுத்து வைக்க வேண்டும். நான்காவதில் என் நகக்கீறல்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வெயில். காற்றில்லை.

பிசியோ பிரிவைக் கூப்பிட்டு மறுபடி பயிற்சி தொடங்க முடியுமா, பழையபடி நடக்க வாய்ப்பு உண்டா என்று கேட்க முடிவு. தாளில் எழுதினேன். முதல் வரைவு நீளம். இரண்டாவதில் 'பதினோரு மாதம்' என்ற சொல் வந்தது, எடுத்தேன். மூன்றாவது:

"என் மனைவிக்கு இடுப்பு அறுவை சிகிச்சை ஆயிற்று. இடையில் நடை குறைந்துவிட்டது. இனி என்ன செய்யலாம்?"

'குறைந்துவிட்டது' என்பது சரியா, 'குறையவிட்டேன்' என்று இருக்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் இருக்கும். தொலைபேசி கையில்.

க. நாற்காலியிலிருந்து கையை நீட்டினாள்.

"குடுங்க இங்க."

"நான் கேக்குறேன். எழுதி வெச்சிருக்கேன்."

"நீங்க கேக்க மாட்டீங்க. குடுங்க."

கொடுத்தேன். தாளையும் நீட்டினேன். அதை வாங்கவில்லை. எண்ணை அவளே அழுத்தினாள். அடையாள எண், பிறந்த தேதி, எல்லாம் மளமளவென்று சொன்னாள். "ஹலோ, நான்தான் பேஷண்ட் பேசுறேன். எனக்கு நடக்கணும். யாருகிட்ட கேக்கணும் சொல்லுங்க."

மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். "சரி, இருக்கேன்" என்றாள்.

இசை கேட்கத் தொடங்கியது. தொலைபேசியைக் காதோடு வைத்து, முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றிக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தில் 10.42. நான் எதிரே நின்றேன். உட்காரச் சொல்லவில்லை.

10.47. அதே இசை, மறுபடி முதலிலிருந்து. வைத்துவிட்டு அப்புறம் கூப்பிடலாமே என்று சைகை காட்டினேன். என்னைப் பார்த்தாள். கோயிலிலிருந்து வந்தபின் முதல் முறையாக.

10.53. இன்னும் வைக்கவில்லை.